நீந்தி, மிதித்து, ஓடுவதற்கு முன்

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த வாரத்தில், எங்கள் மருத்துவர் ஓய்வறையில் ஒரு கேள்வி எழுந்தது. புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் ‘அரை மணி நேரம் நடங்கள், எடையைக் குறையுங்கள்’ என்று எழுதித் தருகிற நாங்கள் மூவரும், கடைசியாக எப்போது அரை மணி நேரம் தொடர்ந்து நடந்தோம்? மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஒருவராலும் நேர்மையாக விடை கூற இயலவில்லை. அன்று மாலைக்குள் ஒரு முடிவு எடுத்தோம். அதில் துணிவைக் காட்டிலும் வெட்கமே மிகுதி. ஆண்டு முடிவதற்குள் டிரையத்லான் ஒன்றை முடித்துவிடுவது என்பதே அம்முடிவு.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவேளையின்றி முடிப்பதே டிரையத்லான். ஈர உடம்பைத் துடைத்துக் காலணி மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். 1974 செப்டம்பர் 25, ஒரு புதன்கிழமை மாலை, அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள மிஷன் பே கடற்கரையில் 46 பேர் ஏறத்தாழ விளையாட்டாகவே இதைத் தொடங்கி வைத்தனர். அன்று ஓட்டம் முதலில் வந்தது. இன்று நீச்சலே முதலில் வருகிறது. களைத்த உடலோடு நீரில் இறங்குவது ஆபத்து என்பது எளிய காரணம். 1978இல் ஹவாய்த் தீவுகளில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்ற ‘அயர்ன்மேன்’ போட்டி பிறந்தது. அதில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. என்ற அளவில் டிரையத்லான் இடம்பெற்றது. நம் நாட்டில் 2019 அக்டோபர் 20 அன்று கோவா கடற்கரையில் அயர்ன்மேனின் பாதித் தொலைவுப் போட்டி முதன்முறையாக நடைபெற்ற பின், இது பலரின் பேச்சில் அடிபடத் தொடங்கியது. சென்னை ட்ரெக்கிங் கிளப்பின் தன்னார்வலர்கள் நடத்திய சென்னை டிரையத்லானில் எங்களுக்குத் தெரிந்த சிலர் கலந்துகொண்டிருக்கின்றனர்.

எங்களுக்கும் முதலில் கோவா ஆசைதான். நல்லவேளையாக அது ஒரு வாரத்தில் தணிந்தது. புதியவருக்கு உரியது ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் குறுந்தொலைவு: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். அதிலும் ஏரியிலோ கடலிலோ அன்றி, நீச்சல்குளத்திலேயே நீந்தவிடும் போட்டி பெங்களூரில் இருப்பதை அறிந்து அதையே தேர்ந்தோம். இது கோழைத்தனம் என்று ஒருவர் கேலி செய்தார். அதற்கான விடை பின்னால் வருகிறது.

பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன் மூவரும் பரிசோதனை செய்துகொள்வது என்று முடிவாயிற்று. இது எங்கள் யோசனை அன்று. எங்களுள் மூத்தவரின் மனைவி இரவு உணவின்போது கேட்ட கேள்வி அது: “ஏங்க, ஊருக்கெல்லாம் பிரஷர் பார்த்துச் சொல்றீங்களே, உங்க பிரஷரை யாரு பார்த்தது?” அவருடைய மாமனார் 53 வயதில் மாரடைப்பால் இறந்தவர். கேள்வி அங்கிருந்து வந்தது.

மூத்தவருக்கு வயது 47. இரத்த அழுத்தம் 158/98. பதற்றத்தால் இருக்கும் என்று சிரித்தார். நோயாளிகள் சொல்லும் அதே சொல், அதே சிரிப்பு. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதச் சொன்னோம். ஒருநாளேனும் 140க்குக் கீழே இறங்கவில்லை. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இடக் கீழறைச் சுவர் சற்றுத் தடித்திருந்தது. உயர் அழுத்தம் நேற்று வந்ததன்று, சில ஆண்டுகளாகவே ஓசையின்றி இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. டிரெட்மில் பரிசோதனையில் இரத்தக்குழாய் அடைப்புக்கான அடையாளம் இல்லை. ஆயினும் ஓடும்போது அழுத்தம் 220ஐத் தாண்டியது. ஆறு ஆண்டுகளாக அவர் தம் அழுத்தத்தை அளந்து பார்த்ததே இல்லை. அவருடைய மேசையின் மீதோ அளவி எந்நேரமும் இருக்கிறது.

அவருக்கு மாத்திரை தொடங்கினோம். அந்த ஆண்டு போட்டியில் கலந்துகொள்ள வேண்டாம் என்றும் கூறினோம். அவர் கோபம் கொண்டார். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மேசைக்கு மறுபுறம் அமர்ந்து ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை அதுவரை அவரும் அறிந்திருக்கவில்லை, நாங்களும் அறிந்திருக்கவில்லை.

ஏன் அத்தனை கண்டிப்பு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1985 முதல் 2016 வரை அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த திடீர் மரணங்களையும் இதயநிறுத்தங்களையும் விபத்து மரணங்களையும் தொகுத்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. மொத்தம் 135 நிகழ்வுகள். பங்கேற்ற ஒரு லட்சம் பேருக்கு 1.74 என்ற அளவு. இது சிறிய எண்ணே. அஞ்சி ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் அதன் உட்பகுதியை நோக்க வேண்டும். 135இல் 90 நிகழ்வுகள் நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 47. உடற்கூறாய்வு நடந்தவர்களில் கணிசமானோருக்கு முன்பே இதயக் குறைபாடு இருந்திருக்கிறது. 47 வயது ஆண், தந்தைக்கு மாரடைப்பு, அறியப்படாத உயர் அழுத்தம், தடித்த இதயச் சுவர், நீச்சல். எங்கள் நண்பர் அந்த அட்டவணையில் அச்சாகப் பொருந்தினார்.

நீர் ஏன் வேறுபட்டது? கழுத்தளவு நீரில் அமிழும்போது கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்படுகிறது. நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அதனோடு பதற்றமும், மூச்சுப் பிடிப்பும், குளிர்ந்த நீரும் சேர்ந்தால் சிலருக்கு நுரையீரலில் நீர் கசியும். மூச்சு வாங்கும், இருமல் வரும், சில வேளை இளஞ்சிவப்பு நுரை வெளிவரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதன் வாய்ப்பு கூடுதல். சாலையில் மயக்கம் வந்தால் மரத்தடியில் அமரலாம். நடு ஏரியில் அமர இடமில்லை. முதல் போட்டிக்கு நீச்சல்குளத்தைத் தேர்ந்தது இதனால்தான்.

இனிப் பயிற்சி. இருபது வாரங்கள் ஒதுக்கினோம்.

எங்களுள் ஒருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீந்தப் பழகியவர். தமக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நம்பியிருந்தார். முதல் நாள் 25 மீட்டரில் நின்றுவிட்டார். கிணற்று நீச்சலில் தலை எப்போதும் நீருக்கு மேலே இருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும். ஐந்து நிமிடக் கும்மாளத்திற்கு அது போதும். 750 மீட்டருக்குப் போதாது. முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை நீருக்குள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி உள்ளிழுக்க வேண்டும். எங்கள் பயிற்றுநர் எங்களில் பாதி வயதினர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற ஓசூர்ப் பிள்ளை. கரையில் நின்று அவர் சொன்னது ஒன்றே: “சார், மூச்சை வெளிய விடுங்க சார். உள்ளயே பிடிச்சு வெச்சா புதுக் காத்து எங்க போகும்?” சுவாச உடலியலை முதுகலையில் பயின்ற எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள மூன்று வாரங்கள் ஆயின.

முதல் மாதம் முழுவதும் மூன்றே பயிற்சிகள்: நீருக்குள் மூச்சு விடுதல், மல்லாந்து மிதத்தல், சுவரைப் பிடித்துக் கால் உதைத்தல். மல்லாந்து மிதத்தலை எவரும் குறைவாக எண்ண வேண்டாம். பதற்றம் வரும் கணத்தில் உயிரைக் காப்பது அதுவே. பத்தாவது வாரத்தில் நில்லாமல் 200 மீட்டர். பதினாறாவது வாரத்தில் 750 மீட்டர். வேகம் பற்றிக் கேட்காதீர்கள். அருகில் நீந்திய பள்ளிச் சிறுமி எங்களை மும்முறை கடந்து சென்றாள்.

இங்கே நம் பகுதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வழிவதை வாசகர்கள் பலரும் நேரில் கண்டிருப்பீர்கள். பெங்களூரின் கழிவுநீர் கலந்து வரும் அந்நீரிலும், நகரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் நீந்திப் பழகுவது நோயை விலைக்கு வாங்குவதாகும். அதனினும் கொடியவை கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகள். தெளிந்த நீலநீராய்த் தோன்றும். சரிவே இன்றித் திடீரெனப் பல ஆள் ஆழம். கரையேறப் பிடிமானம் இருக்காது. பிள்ளைகள் நீச்சல் பழக ஆசைப்பட்டால் உயிர்காப்பாளர் உள்ள குளத்திற்கு மட்டும் அனுப்புங்கள். நன்கு நீந்தத் தெரிந்த பெரியவரும் தனியே நீரில் இறங்கலாகாது.

சைக்கிளுக்கென லட்சக்கணக்கில் செலவிட வேண்டியதில்லை. கியர் உள்ள சாதாரண சைக்கிளும் தலைக்கவசமும் போதும். பின்விளக்கும் பிரேக்கும் பழுதின்றி இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை 44இல் மிதிப்பதில்லை என்று முதல் நாளே உறுதி செய்துகொண்டோம். சிப்காட் சாலைகளும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்சாலைப் பேருந்துகளாலும் லாரிகளாலும் நிறைந்துவிடும். ஞாயிறு அதிகாலை தளி சாலையே எங்களுக்கு உகந்ததாக இருந்தது. ஏற்ற இறக்கம் உண்டு, காற்றும் குளிர்ந்தது. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடைகளும் உண்டு. ஒன்றில் எங்களுள் ஒருவர் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லச் சிறிதே உள்ளது. ஒரு நிமிடம் மென்னோட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை எட்டு முறை. வாரந்தோறும் ஓட்டத்தைச் சிறிது கூட்டி நடையைக் குறைத்தோம். ஓடும்போது அருகிலிருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் மிகை. இந்தச் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கி.மீ. நடைபாதை வகுக்கப்பட்டுள்ளது. தொடங்குவதற்கு அது போதும். சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடினால் முதல் பத்து நிமிடம் கால்கள் மரக்கட்டை போலிருக்கும். அது நோயன்று, வாரம் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பழகினால் குறையும்.

இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். காலை ஆறு மணிக்கு ஆலையிலிருந்து வெளிவந்து நேரே சைக்கிளில் ஏறுவதையோ நீரில் இறங்குவதையோ தவிருங்கள். முதலில் உறக்கம், எழுந்த பின் பயிற்சி. காய்ச்சல் உள்ள நாட்களில் பயிற்சி அறவே கூடாது. வைரஸ் தொற்று இதயத் தசையைத் தொட்டிருந்தால், அந்த நாட்களின் கடும் உழைப்பு உயிருக்கே தீங்காகலாம்.

மாத்திரைகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாழும் வீட்டுக்கே வருகிறது. எனவே, இதை வாசிக்கும் வீடுகளில் பலவற்றில் மாத்திரை டப்பா ஒன்று இருக்கும். உடற்பயிற்சியைக் கூட்டும்போது அந்த மாத்திரைகள் வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றப் பேச்சு ஆகியவற்றை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டும். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் எடுப்போர் பட்டினியோடு நெடுநேரம் உழைத்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் அபாயம் உண்டு. சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதும் அது நேரலாம். மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்றவை நாடித்துடிப்பை ஏறவிடாமல் வைத்திருக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி ‘இன்னும் வேகமாக ஓடலாம்’ என்று அவர்கள் முடிவு செய்யலாகாது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தம் இதயநோய் மருத்துவர் படிப்படியாக அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஓரடியும் வைக்க வேண்டாம்.

மருந்துக்கடையில் தாமாகவே டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரோஃபெனோ வாங்கி ஓட்டத்திற்கு முன் விழுங்கும் வழக்கம் நம் பகுதி ஓட்டக்காரர்களிடையே பரவி வருகிறது. வியர்த்து நீரிழந்த உடலில் இம்மருந்து சிறுநீரகத்தை வெகுவாகத் தாக்கும். எங்களுக்கு இதில் பொறுமை குறைவு, இப்பழக்கத்தை விட்டுவிடுங்கள். இவ்வளவையும் படித்து அஞ்சி, மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதில் குழப்பம் மிகுதி. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருந்தது; அளவுக்கு மிஞ்சி நீர் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்திற்குக் குடித்தால் போதும். நெடும்பயிற்சிக்குப் பின் உப்பிட்ட மோர் நல்லது. இரத்த அழுத்தக்காரர்கள் உப்பின் அளவைக் கேட்டுக்கொள்க. கேழ்வரகுக் களி நம் மண்ணின் உணவு. பயிற்சி நாட்களில் மதியத்திற்கு அதுவே எங்களுக்குத் துணை. ஆனால் நார்ச்சத்து மிகுந்தது. போட்டிக்கு முந்தைய இரவில் அதைத் தவிர்த்து இட்லியோடு நிறுத்திக்கொண்டோம்.

மூத்தவர் என்ன ஆனார்? மூன்றாம் நாள் பேசினார். அவருக்கென வேறொரு திட்டம் வகுத்தோம். முதல் எட்டு வாரம் நடை மட்டும். அழுத்தம் 130க்கு அருகில் வந்து நிலைத்த பின், நிலையான சைக்கிளும், பயிற்றுநர் அருகிருக்க ஆழமற்ற பகுதியில் நீச்சலும். வீட்டுக் குறிப்பேட்டில் அழுத்தத்தை எழுதியவர் அவர் மனைவி. எழுதும் பொறுப்பைக் கணவரிடம் விட்டால் நல்ல எண்கள் மட்டுமே ஏட்டில் ஏறும் என்று அவர் கூறினார். எங்கள் அனுபவமும் அதுவே. ஆறு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. மாத்திரை தொடர்கிறது.

போட்டி நாளில் மற்ற இருவரும் அதிகாலை மூன்றரை மணிக்கு ஓசூரிலிருந்து புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் மூத்தவர். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீச்சலில் முதல் நூறு மீட்டரிலேயே எங்களுள் ஒருவருக்கு மூச்சுத் திணறிற்று. அருகில் நீந்துவோரின் கைகளும் கால்களும் முகத்தில் பட்டால் பயிற்சி மறந்துபோகிறது. மல்லாந்து மிதந்தார். ஒரு நிமிடத்தில் மூச்சு சீராயிற்று, மீண்டும் நீந்தினார். சைக்கிள் இனிதே கடந்தது. ஓட்டத்தில் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பாதி நடை. முடித்தவர்களின் பட்டியலில் எங்கள் பெயர்கள் எந்த இடத்தில் இருந்தன என்பதை வெளியிடுவதாக இல்லை. முடிவுக்கோட்டில் இரண்டு துண்டுகளோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் நின்றவர் முதலில் கேட்டது, “மார்பு வலி ஏதாவது இருந்ததா?” என்பதே.

இவ்வாண்டுப் போட்டிக்கு அவர் பெயர் கொடுத்திருக்கிறார். மறுபடி எடுத்த எக்கோவையும் டிரெட்மில்லையும் பார்த்த பின்னரே சம்மதித்தோம். இப்போது பதினொன்றாவது வாரம். நில்லாமல் 300 மீட்டர் நீந்துகிறார்.

டிரையத்லானோ, பத்துக் கிலோமீட்டர் ஓட்டமோ, காலை நடையோ, புதிதாக ஒன்றைத் தொடங்க எண்ணுவோர், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்த உறவில் எவரேனும் ஐம்பதை ஒட்டிய வயதிலோ அதற்கு முன்போ திடீரென இறந்திருந்தால் அவர்களும் முதலில் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். பயிற்சியின்போது மார்பில் இறுக்கம், மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு வந்தவர்கள் நாள் பாராமல் வர வேண்டும். வரும்போது இப்போது எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். வீட்டில் எண்களை உள்ளபடி எழுதக்கூடியவர் எவரோ, அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.